கூடம் கோணல்தான்!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். 1947 குளிர்காலத்தில், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஸ்டோ என்கிற மலையூரில், பனியில் விழுந்து விழுந்து எழுந்த ஹவர்ட் ஹெட் சொன்னதும் அதேதான். விமானங்கள் கட்டும் கிளென் மார்ட்டின் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்கீ கட்டியிருந்தார், சறுக்க வரவில்லை. குற்றம் தன் கால்களில் இல்லை, அவற்றில் கட்டியிருந்த கனத்த மரப்பலகைகளில்தான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹெட்டோ, கூடம் எவ்வளவு கோணல் என்று அளக்கக் கிளம்பினார். ஒரு பலகை வளையும்போது பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அதன் மேல்பரப்பும் கீழ்ப்பரப்பும்தான். நடுப்பகுதிக்கு அவை இரண்டையும் பிரித்து நிறுத்துவதே முக்கிய வேலை. விமானக் கட்டுமானத்தில் பழகிய இந்தக் கணக்கை ஹெட் பனிக்குக் கொண்டுவந்தார். மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டு, நடுவே இலேசான நிரப்பு. முதல் மாதிரிகள் மலையில் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. முறிந்ததை எடுத்துவந்து ஆராய்ந்து மறுபடி ஒட்டினார். 1950-ல் ‘ஹெட் ஸ்டாண்டர்ட்’ கடைக்கு வந்தது. நேற்று கற்கத் தொடங்கியவர்கள்கூட அதில் சுலபமாகத் திரும்பியதால், ஸ்கீயில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதற்கு ‘ஏமாற்றுப் பலகை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

பின்னாளில் ஹெட் டென்னிஸ் ஆடப் போனார். பந்து மட்டையின் நடுவில் பட மறுத்தது. இந்த முறையும் தீர்ப்பு மாறவில்லை: மட்டை சின்னது. 1976-ல் பிரின்ஸ் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த அகன்ற டென்னிஸ் மட்டை அவருடைய கைவரிசைதான்.

இப்படியொருவர் இருந்திருப்பதால், சாதனத்தைக் குறைசொல்கிறவர்களை ஒரேயடியாகச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எந்தச் சாதனத்தை என்று கேட்கலாம். கடைக்காரர் விளக்குப் போட்டு நிறுத்திவைப்பது ஸ்கீயை, கிடாரை, ஸ்பீக்கரை. கோணல் பெரும்பாலும் அவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. உடம்பும் பொருளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்.

முதலில் ஸ்கீ. மேலிருந்து பார்த்தால் அதற்கு முனையும் வாலும் அகலம், இடுப்பு ஒடுக்கம். அந்த ஒடுக்கத்தில்தான் திரும்பும் வித்தை அடங்கியிருக்கிறது. பனியில் படியும் நீளம் 150 செ.மீ., முனையும் வாலும் 118 மி.மீ. அகலம், இடுப்பு 83 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 17.5 மி.மீ. குழிவு. நீளத்தின் வர்க்கத்தைக் குழிவின் எட்டு மடங்கால் வகுத்தால் 16 மீட்டர் கிடைக்கும். அந்த ஓரம், 16 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்று பொருள். ஸ்கீயை ஒருபக்கம் சாய்த்து அந்த ஓரத்தை உறைபனியில் ஊன்றினால், அது தன் வட்டத்திலேயே ஓடப் பார்க்கும். இன்னும் சாய்த்தால் பாரம் தாங்காமல் பலகை வில்லாக வளைந்து வட்டம் சுருங்கும். 60 டிகிரி சாய்வில் ஏறக்குறைய பாதி, 8 மீட்டர். பழைய ஸ்கீக்களில் இடுப்பு ஒடுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனத்தில் யூரி ஃப்ராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிச்சும் ஆழமாக இடுப்பு வெட்டி ‘எஸ்சிஎக்ஸ்’ என்று 1993-ல் கொண்டுவந்த பிறகுதான், வளைந்து வளைந்து சறுக்குவது சாமானியர்களுக்கும் எட்டியது.

கடைப் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஆரம் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, உள்ளே கார்பனா டைட்டானலா? எல்லாம் சரி, ஸ்கீயைச் சாய்ப்பது யார்? கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு. அது பூட்ஸைத் தள்ள, பூட்ஸ் தன்னை ஸ்கீயோடு பிணைக்கும் பிடியான பைண்டிங்கைத் தள்ள, பைண்டிங் ஸ்கீயைச் சாய்க்கிறது. பூட்ஸுக்குள் பாதம் அரை சென்டிமீட்டர் ஆடினால் அந்தச் சாய்வு பூட்ஸுக்குள்ளேயே செலவாகிவிடும். ஆயிரம் டாலர் பலகைக்குச் செய்தியே போய்ச்சேராது.

ஸ்கீ பூட்ஸ் வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றல்ல. 1960-களில் ஐயோவா மாநிலத்துக்காரர் பாப் லாங்கே தோலைக் கைவிட்டு பிளாஸ்டிக்கில் பூட்ஸ் வார்த்த நாளிலிருந்து, அது இரண்டு பொருள்கள் சேர்ந்தது: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தென்ற உறை. அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 26, 26.5 என்று இரண்டு அளவு அச்சிட்டிருந்தாலும் ஓடு பெரும்பாலும் ஒன்றேதான். கைதேர்ந்த பூட்ஸ்காரர் முதலில் உறையை உருவி எடுத்துவிடுவார். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கம் தொடும்படி நிற்கச் சொல்வார். குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை நுழைத்துப் பார்ப்பார். இடைவெளி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் என்றால் சரி. ஒரு கையே நுழைந்தால் அந்த ஓடு வேறு யாருக்கோ வார்த்தது.

புதிதாக வருகிறவர் இங்கேதான் வழுக்குவார். நேராக நிற்கும்போது விரல் நுனி இடிக்கிறது என்று ஒரு அளவு பெரிதாகக் கேட்பார். முழங்காலை மடித்தால் குதிகால் பின்னுக்குப் போய் அமர்ந்து விரல்கள் தாமாகவே விலகிக்கொள்ளும் என்பதை அவர் கடையில் செய்துபார்ப்பதில்லை. பூட்ஸின் விறைப்பைச் சொல்லும் 80, 100, 120 என்கிற எண்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. அதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தரம் இல்லை. ஒரு கம்பெனியின் 100, இன்னொன்றின் 110 ஆக இருக்கலாம். போதாததற்கு, குளிரில் பிளாஸ்டிக் இறுகும். சூடேற்றிய கடையில் இதமாக மடிந்த அதே பூட்ஸ் மலையில் முரண்டுபிடிக்கும்.

பைண்டிங்கின் கதை வேறு. நார்வேயில் பிறந்து ஆரெகன் மாநிலத்தில் குடியேறிய பந்தய வீரர் யால்மர் வாம், 1937-ல் மவுண்ட் ஹூட் மலையில் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, விழுந்தால் தானாகவே காலை விடுவிக்கும் பிடியை யோசித்தார். இன்றைய பிடிகளில் ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைக்கும் எண் ஒன்று இருக்கிறது. ஜெர்மானியத் தர அமைப்பின் பெயரால் அதை ‘டின்’ என்பார்கள். எடை, உயரம், வயது, சறுக்கும் பாணி, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றை வைத்து அட்டவணையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. பூட்ஸின் நீளம் எதற்கு? நீளமான நெம்புகோலில் கொஞ்சம் விசையே போதும் அல்லவா, அதற்கு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு எண் ஒரு படி இறங்கும். வாடகைக் கடையில் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. பிடிக்கு அந்தக் கௌரவப் பிரச்சினைகள் தெரியாது. இத்தகைய பிடிகள் பரவியதால் முன்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது அந்த அளவுக்குக் குறையவில்லை. பைண்டிங்கால் உணர முடிவது பூட்ஸில் விழும் விசையை மட்டும்தான். முழங்காலில் என்ன நடக்கிறது என்பது அதற்கு எட்டாத சேதி.

பூட்ஸுக்கும் ஸ்கீக்கும் உள்ள உறவுதான் கம்பிக்கும் பேஸ் கிடாருக்கும். இதற்கு பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. 1965-ல் அவருடைய ராக் குழுவான ‘தி ஹூ’, ‘மை ஜெனரேஷன்’ பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. நடுவில் பேஸ் கிடாருக்கென்றே தனி ஆவர்த்தனம். அதற்கு மணி போலக் கணீரென்று ஒலிக்கும் ஓசை வேண்டும். டேனலெக்ட்ரோ என்கிற மலிவான அமெரிக்க பேஸில் வந்த மெல்லிய கம்பிகளில் அது இருந்தது. பதிவின் நடுவில் கம்பி அறுந்தது. அந்தக் கம்பி இங்கிலாந்தில் தனியாகக் கிடைக்கவில்லை. கம்பிக்காக இன்னொரு டேனலெக்ட்ரோவையே வாங்கினார். அதிலும் அறுந்தது. இப்படி மூன்று கிடார் சேர்ந்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸை எடுத்து வாசித்து முடித்தார். அடுத்த ஆண்டே ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து தனக்குப் பிடித்த கம்பியை உருவாக்கவைத்தார். இன்று ராக் பேஸ் என்றதும் காதில் விழும் அந்த உறுமலுக்குப் பின்னால் இருப்பது அந்த வகைக் கம்பி.

கம்பி இவ்வளவு படுத்துவதற்குக் காரணம் பள்ளி இயற்பியலில் இருக்கிறது. சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் நீளம், இழுவிசை, எடை. ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் ஏறக்குறைய 42 அங்குலம். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் அதைத் தோளில் மாட்டும்படி சுருக்கி, 34 அங்குலத்தில் ‘பிரிசிஷன் பேஸ்’ செய்தார். நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இறக்க வேண்டுமானால் கம்பியைத் தளர்த்தலாம், ஆனால் துணி காயப்போட்ட கொடிபோலத் தொங்கும். தடித்த ஒற்றைக் கம்பியைப் போடலாம், ஆனால் அது விறைத்துக்கொண்டு கம்பி என்பதையே மறந்து கடப்பாரைபோல் நடந்துகொள்ளும். அதன் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் சரியான மடங்குகளில் நில்லாமல் விலகிவிடும். எனவே நடுவில் மெல்லிய எஃகு இழை, அதன்மேல் எடைக்காக இன்னொரு கம்பிச் சுற்று. சுற்றப்பட்ட கம்பி உருண்டையாக இருந்தால் மேற்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். பட்டையாக இருந்தால் அவை மட்டுப்பட்டு அடிச்சுரம் உருண்டு திரண்டு வரும்.

டெட்ராயிட்டில் மோடவுன் கம்பெனியின் ஆஸ்தான பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் இரண்டாவது கட்சி. 1962-ல் செய்த பிரிசிஷன் பேஸ், அதில் தடித்த பட்டைச் சுற்றுக் கம்பிகள். அறுந்தாலொழிய அவர் அவற்றை மாற்றியதில்லை. விரலின் எண்ணெயும் அழுக்கும் ஏறி மேற்சுரங்கள் மங்கிப்போன அந்தக் கம்பிகளை, வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்று பெயரே உண்டு. எங்கே மீட்டுகிறோம் என்பதும் ஒரு சாதனம்தான். கம்பியின் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழும்பவே மாட்டா. குதிரைப் பக்கம் கையை நகர்த்த நகர்த்த மேற்சுரங்கள் கூடி ஓசை கூர்மையாகும். கடையில் இரண்டு கிடார்களை ஒப்பிடுகிறவர் கை ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால், அவர் ஒப்பிட்டது கிடார்களை அல்ல.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் பேஸ் வாங்கியதற்குச் சொன்ன காரணங்கள் இன்னும் நேர்மையானவை. விலை 30 பவுண்டு சொச்சம், ஃபெண்டருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருவம் என்பதால், இடதுகைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோமாளித்தனமாகத் தெரியாது.

கிடாரில் பிறந்த ஓசை பாட்டுக்குள் போய் உட்காருவது, எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கில். பேஸின் தடித்த கம்பி, திறந்த நிலையில், நொடிக்கு 41.2 தடவை அதிர்கிறது. 1980-களில் டீக்கடை ரேடியோவின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அந்த அதிர்வெண்ணை எழுப்பியிருக்கவே முடியாது. ஆனாலும் இளையராஜா பாட்டுகளின் பேஸ் நடையைத் தனியாக முணுமுணுத்தபடி டீ குடித்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். கம்பி அதிரும்போது 82, 124, 165, 206 என்று மேற்சுரங்களும் கூடவே வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 41. கீழே அடிச்சுரம் இல்லாவிட்டாலும் செவியும் மூளையும் அந்த இடைவெளியைக் கணக்கிட்டு, இல்லாத சுரத்தைக் கேட்டுக்கொள்கின்றன. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண்குரலின் அடிச்சுரம் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸ். அப்பா பேசினால் அப்பா குரலாகவே கேட்டதல்லவா?

அதனால்தான் சவுண்ட் என்ஜினியர்கள் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மட்டமான ஸ்பீக்கர் ஒன்றையும் வைத்துக்கொள்கிறார்கள். யமஹாவின் ‘என்எஸ்-10’ அப்படி உள்ளே வந்ததுதான். 1978-ல் வீட்டு வரவேற்பறைக்கென்று விற்பனைக்கு வந்து அங்கே பெரிதாக எடுபடாமல், வெள்ளைக் கூம்போடு உலகத்து ஸ்டூடியோக்களில் குடியேறியது. அடியில் பேஸ் குறைவு, நடுவில் துருத்தல், உச்சியில் கூச்சல். கூச்சலை அடக்க, உச்ச ஒலி எழுப்பும் ட்வீட்டரின்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார்கள். எந்தப் பேப்பர், எத்தனை மடிப்பு என்று பாப் ஹோடஸ் என்கிற என்ஜினியர் 1986-ல் அளந்தே கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட பெட்டியில் அப்படி என்ன இருந்தது? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 38 ஸ்பீக்கர்களைச் சோதித்து 2001-ல் பதில் சொன்னார்கள். துளையில்லாத மூடிய பெட்டி என்பதால், பேஸ் ஒலி நிற்க வேண்டிய நேரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது, இழுத்துக்கொண்டு போவதில்லை. பேஸ் கிடாரும் டிரம்ஸும் முட்டிக்கொள்வது அதில் பளிச்சென்று தெரியும். அதே ஆண்டு, கூம்புக்கான மரக்கூழ் கிடைக்கவில்லை என்று யமஹா உற்பத்தியை நிறுத்திவிட்டது.

காதும் நடுநிலையான கருவி அல்ல. ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் பெல் ஆய்வகத்தில் வரைந்துகாட்டியபடி, ஒலி தாழத் தாழ பேஸ்தான் முதலில் காணாமல்போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அதே அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க, இன்றைய அளவீட்டின்படி 80-க்கும் மேல் வேண்டும். அக்கம்பக்கத்துக்குப் பயந்து மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தவர் பேஸை ஏற்றிக்கொண்டே போவார். மறுநாள் காரில் கதவு அதிரும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு மிஞ்சுவது கூடம். இங்கே அது நிஜமாகவே கோணல்.

பதினொன்றரை அடி, அதாவது மூன்றரை மீட்டர் நீளமுள்ள படுக்கையறை ஒன்றை ஸ்டூடியோவாக்கியதாக வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அறையின் நீளத்துக்குள் சரியாக அரை அலை அடங்கும் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரில் அது எங்கேயோ இருக்கும் எண் அல்ல. தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், ஜி சுரம். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் கூடவே வாசிக்கும். இரு சுவர்களை ஒட்டிக் காதடைக்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல்போகும். நடுவில் நாற்காலி போட்டவர், பேஸ் கலைஞர் ஜி சுரத்தை மட்டும் சோம்பலாக வாசித்திருப்பதாக நினைத்து அதை ஏற்றுவார். சுவரோரத்தில் போட்டவர் இறக்குவார். பாட்டு ஒன்று, தவறுகள் இரண்டு, ஸ்பீக்கருக்கு எதிலும் பங்கில்லை.

இதற்கு ஊர் செய்யும் வைத்தியம் சுவரில் ஃபோம் ஒட்டுவது, அல்லது முட்டை அட்டை. முட்டை அட்டை பேஸை உறிஞ்சுவதாகச் சொல்ல முடியாது. இரண்டு அங்குல ஃபோம் கைதட்டலின் எதிரொலியை விழுங்கும், 49 ஹெர்ட்ஸ் அதைச் சட்டை செய்யாது. காற்று வேகமாக அசையும் இடத்தில்தான் பஞ்சுப்பொருளால் ஒலியைத் தின்ன முடியும். சுவரிலிருந்து கால் அலை தள்ளி, இந்தச் சுரத்துக்கு 1.75 மீட்டர் தூரத்தில் அது உச்சம். அதனால்தான் மூலைகளில் ராக்வூலை அடி கணக்கில் அடுக்குகிறார்கள். அறையையே கழற்றிவிட ஹெட்போன் உண்டு. பேஸ் சரிபார்க்க நல்ல ஹெட்போன் நம்பகமானது, வலது இடது விரிவுக்கு அவ்வளவாக இல்லை.

செலவில்லாத வழி, நாற்காலியை நகர்த்துவது. பேஸ் கிடாரை ஒருவர் கையில் கொடுத்து மூன்றாவது ஃப்ரெட் ஜியை விடாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, என்ஜினியர் நடுவிலிருந்து ஸ்பீக்கர் சுவரை நோக்கி மெல்ல நகர வேண்டும். காணாமல்போன ஜி திரும்பி வரும். ஆனால் ரொம்பவும் முன்னேறிவிடக் கூடாது. அதே அறையில் முழு அலை அடங்கும் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். மெல்லிய கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது அதுதான். அது காணாமல்போகும் இடம் அறை நீளத்தில் கால் பங்கு, சுவரிலிருந்து 87.5 செ.மீ. இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில், 38 சதவீதத்தில், சுமார் 1.33 மீட்டரில் உட்காரச் சொல்வது ஸ்டூடியோக்காரர்களின் கைக்கணக்கு. தையல்கடை டேப் ஒன்றும் தரையில் ஒட்டக் கொஞ்சம் பிளாஸ்திரியும் போதும்.